மேற்படியார் பர்மாவுக்குப் போன கதை

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. கடைசி செமஸ்டர் நெருங்குகிறது. இப்போது விட்டால் அப்புறம் வேலை, வெட்டி என்று எழுதவே மாட்டேன். அதனால் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பக்கம் இருக்கிற ஒருவருக்குத் தன் கொள்ளுத்தாத்தா எப்போது அந்த நாட்டுக்கு வந்து இறங்கினார் என்று தெரிய வேண்டுமானால், விக்டோரியா மாநில ஆவணக் காப்பகத்தில் தேடலாம். 1852 முதல் 1923 வரை சொந்தக் காசில் கப்பலேறி வந்தவர்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. பெயரைத் தட்டினால் கப்பல், மாதம், வருடம் வந்து விழும். பார்க்கப் பொறாமையாக இருக்கும்.

இதைவிட ஆச்சரியம் தென்னாப்பிரிக்கா. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். அவர்களுக்கும், அடுத்த ஐம்பது வருடம் அவர்கள் பின்னால் போனவர்களுக்கும் ஆளுக்கொரு எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர், தாலுகா, உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். அன்பினால் இல்லை. ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், அதற்குத்தான். ஆனால் அந்தக் கொடுமையின் புண்ணியத்தில் இன்றைக்கு டர்பனில் இருக்கிற பேத்தி தன் பாட்டனின் கிராமத்தைத் தேடி வேலூருக்கும் சேலத்துக்கும் வந்து நிற்க முடிகிறது.

எங்கள் பூட்டன் அப்படிக் கட்டுப்பட்டுப் போனவர் இல்லை. அதனாலேயே அவருக்கு எண்ணும் இல்லை, தழும்புக் கணக்கும் இல்லை. அவர் போனது பர்மாவுக்கு. 1937 ஏப்ரல் 1 வரைக்கும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னைத் துறைமுகத்தில் ஏறி இரங்கூனில் இறங்குவது சட்டப்படி வெளிநாட்டுப் பயணமே கிடையாது. பாஸ்போர்ட் வேண்டாம், ஒப்பந்தம் வேண்டாம். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் 10 லட்சத்துக்கும் மேலே. இரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் நம் ஆட்கள்தான். அந்தப் பத்து லட்சத்தில் ஒருவர் எந்தக் கிழமை வந்து இறங்கினார் என்று எங்கே போய்த் தேடுவது?

செட்டிநாட்டில் பர்மா என்றால் உடனே எல்லோரும் பெரிய வீடுகளைத்தான் நினைப்பார்கள். பர்மாத் தேக்குத் தூண், கவுணி அரிசி, அரக்குப் பூசின மூங்கில் டப்பா. 'கொண்டு விக்கப் போறது' என்று நகரத்தார் சொல்வார்கள், கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போவதை. ஆனால் ஒரு செட்டியார் பர்மாவில் கடை போட்டால் அவரோடு சமையல்காரர் போக வேண்டும், காவலுக்கு ஆள் போக வேண்டும். அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் போடவில்லை. எங்கள் பூட்டன் சமையல்காரர். பெகு என்ற ஊரில் ஒரு வட்டிக்கடையில் அடுப்படி அவருடையது. எங்கள் வீட்டில் தேக்குத் தூண் எல்லாம் இல்லை. இருந்தது ஒரு பழி மட்டும்தான்.

ஐயாவுக்கு (அப்பாவின் அப்பா) இப்போது 88 வயது நடக்கிறது. ஈஸ்வர வருடம் கார்த்திகையில் பிறந்தவர், அதாவது 1937 கடைசி. அவர் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்னால் பூட்டன் மறுபடி பர்மாவுக்குக் கிளம்பிவிட்டார். திரும்பி வரவே இல்லை. அப்பன் முகத்தைப் பார்க்காத பிள்ளை. ஊரில் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. "பர்மாக்காரியச் சேத்துக்கிட்டு அங்கயே இருந்துட்டான், பொண்டாட்டி பிள்ளைக்கு ஒத்தக் காசு அனுப்பல." பள்ளிக்கூடத்தில், களத்துமேட்டில், பங்காளிச் சண்டையில் எல்லாம் ஐயாவுக்கு இதுதான் அடையாளம்: "ஓடிப்போனவன் மகன்". பூட்டி கூலிக்குக் களையெடுத்துத்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. ஐயா தன் அப்பாவுக்குத் திதி கொடுத்ததும் இல்லை. செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்று பூட்டி விடவில்லையாம்.

பூட்டி சொன்னதாக ஐயாவுக்கு ஞாபகம் இருந்தது ஒரே ஒரு வரி. "கோபுரம் விழுந்த வருசம் உங்கப்பா மொதல்ல போனாக. அந்த ஊருக்கா போகணும்னு நான் அழுதேன்."

எந்தக் கோபுரம்? நானும் எங்கள் பக்கத்துக் கோயில்களை எல்லாம் விசாரித்துப் பார்த்தேன். எந்தக் கோபுரமும் விழுந்ததாக யாரும் சொல்லவில்லை. பிறகு தற்செயலாகப் பெகுவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. 1930 மே 5 அன்று பெகுவில் பெரிய பூகம்பம். நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். அந்த ஊரின் அடையாளமான ஷ்வேமாடோ பகோடா இடிந்து விழுந்தது (1950களில் திரும்பக் கட்டினார்கள்). பூட்டி சொன்ன கோபுரம் அதுதான்! எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனுஷி, கடலுக்கு அந்தப் பக்கம் விழுந்த கோபுரத்தைத் தன் கல்யாண வாழ்க்கையின் தேதியாக வைத்திருந்திருக்கிறார்.

ஆக, 1930 மே மாதத்துக்குப் பிறகு. அதற்கு மேல் போக வேண்டுமானால் முதலாளி வீட்டுக் கணக்குதான் கதி. எந்த வீடு என்று ஐயாவுக்குத் தெரியும். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர், பேர் வேண்டாம். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், வீட்டில் ஒரு ஆச்சி மட்டும் வருடத்தில் சில மாதம் வந்து இருக்கிறார். போய் விஷயத்தைச் சொன்னேன். "வீட்டைப் பிரிக்கப் போறோம் தம்பி. சாமான் எல்லாம் காரைக்குடிக் கடைக்காரவுக வந்து பாத்துட்டாக. பேரேட்டை யாரும் கேக்கல, எடைக்குத்தான் போடணும். அதுக்கு முந்தி நீ பாத்துக்க" என்றார்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊறுகாய் ஜாடிக்கு விலை இருக்கிறது, கதவுக்கு விலை இருக்கிறது, எனாமல் கிண்ணத்துக்குக்கூட விலை இருக்கிறது. கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் கிலோ ரேட். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த அச்சுப் புத்தகங்களாவது 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. வீட்டுப் பேரேடுகளுக்கு அப்படி ஒரு முத்தையா எத்தனை பேருக்கு வாய்ப்பார்?

முதல் நாள் பேரேட்டைத் திறந்ததும் ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கு முதல் வருடமே இரட்டைப் பதிவு முறை, 1494, இத்தாலி, பாசியோலி என்று ஆரம்பித்துவிடுவார்கள். செட்டிநாட்டுக் கணக்கைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் இவர்கள் கணக்கை முடித்து 'ஐந்தொகை' என்று போடுவதைப் பார்த்தால், நாம் பேலன்ஸ் ஷீட் என்று மாய்ந்து மாய்ந்து போடுகிற அதே சங்கதிதான்.

எண்கள் எல்லாம் தமிழ் எண்கள். 35 என்றால் ௩௰௫. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹. வருடமும் பிரபவ, விபவ என்ற அறுபதில் ஒன்றுதான். 'பவ' என்றால் 1874ஆ 1934ஆ என்று மற்ற விஷயங்களை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இன்னொரு குறி இருக்கிறது: ௸. 'மேற்படி' என்று அர்த்தம். இதுதான் என்னைப் படாத பாடு படுத்தியது.

விஷு வருடப் பேரேட்டில் (1941-42) ஒரு பக்கத்தில் 'பெகு சமையல் ௸யார், முன் பேரேட்டுப்படி' என்று இருந்தது. பெயர் இல்லை. சரி என்று முன் பேரேட்டை எடுத்தால் அதிலும் 'பெகு சமையல் ௸யார், முன் பேரேட்டுப்படி'. அதற்கு முந்தினதிலும் அதே. எங்கள் பூட்டன் பத்து வருடமாக வெறும் 'மேற்படியார்' ஆகவே சோறு ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று ஞாயிற்றுக்கிழமை, தூசியில் தும்மித் தும்மி, ஐந்தாவது பேரேட்டில் போய் நின்றேன்.

அங்கே ஆள் இருந்தார். முழுப் பெயர், தகப்பன் பெயர், ஊர். என் அப்பாவுக்கு வைத்திருப்பது அவர் பெயர்தான், அதனால் அந்த எழுத்துகளைப் பார்த்ததும் ஒரு நிமிடம் கை நின்றுவிட்டது. பிரமோதூத ௵ ஆவணி ௴ ௨௰௨ ௳. அதாவது 1930 செப்டம்பர் முதல் வாரம். பகோடா விழுந்து நாலு மாதம். பூட்டியின் கணக்கும் முதலாளியின் கணக்கும் ஒத்துப்போய்விட்டது! கீழே வரிசையாக: கப்பல் சீட்டு, வண்டிச் சத்தம், வேட்டி இரண்டு, கம்பளி ஒன்று, முன்பணம் 30 ரூபாய். மூன்று வருடக் கணக்குக்கு 360 ரூபாய் சம்பளம், சாப்பாடு கடையில்.

ஆனால் இது கிளம்பின தேதிதானே, போய்ச் சேர்ந்த தேதி எங்கே? அதையும் கணக்கே சொல்லிவிட்டது. அடுத்த வரி: 'சம்பளம் பெகுவில் ஆவணி ௩௰ முதல்'. முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கிற நாளுக்குச் சம்பளம் போட மாட்டார். அடுப்பு மூட்டின நாளிலிருந்துதான் போடுவார். ஆக எங்கள் பூட்டன் பெகு போய்ச் சேர்ந்தது ஆவணி 30, செப்டம்பர் நடுவில். ஊரிலிருந்து எட்டு நாள். மெல்போர்ன்காரருக்குக் கப்பல் பட்டியல் சொன்னதை எனக்குச் சம்பளக் கணக்கு சொல்லிவிட்டது.

அவர் போன நேரம்தான் சரியில்லை. அந்த 1930இல் பர்மாவில் நகரத்தார் கடைகள் சுமார் 1,650 இருந்ததாகவும், போட்ட முதல் 75 கோடி ரூபாய் அளவுக்கு இருந்ததாகவும் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. எல்லாம் நெல்லை நம்பிக் கொடுத்த கடன். அதே வருடம் உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது. வட்டி வரவில்லை, அசலும் வரவில்லை, அடமான நிலம்தான் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 சதவீதம் ஆனது. நான் பார்த்த பேரேடுகளிலும் 'நிலம் வரவு' வரிகள் ஸ்ரீமுக வருடத்துக்குப் (1933-34) பிறகு கூடிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு என்பது எங்கள் முதல் பாடம். இந்த வரவுகளுக்கான பற்று பெகு பக்கத்து ஏதோ ஒரு பர்மியக் குடியானவன் வீட்டில் எழுதியிருக்கும். 1938இல் இரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. அடுப்படியில் இருந்தவருக்கு நிலமும் இல்லை, வட்டியும் இல்லை, ஆனால் கல் விழுந்தால் அவர் மேலும்தான் விழும்.

இப்போது அந்தப் 'பழி' விஷயத்துக்கு வருகிறேன்.

பர்மாவில் சம்பாதிக்கிற ஆளின் குடும்பத்துக்குப் பணம் மணியார்டரில் வர வேண்டியதில்லை. அங்கே அவர் கணக்கில் எழுதிவிட்டால், இங்கே முதலாளியின் ஊர் வீட்டில் பணம் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் பெகு சமையல்காரரின் கணக்கு இந்த ஊர்ப் பேரேட்டில் இருக்கிறது. புரட்டாசியில் ஆரம்பிக்கிறது: ௶ வீட்டுக்கு ௹ ௫. அஞ்சு ரூபாய். அடுத்த மாதம் அஞ்சு ரூபாய். அதற்கடுத்த மாதமும். இரண்டு தடவை ஊருக்கு வந்து இருந்த மாதங்களைத் தவிர ஒரு மாதம் விடுபடவில்லை. கடைசி வரி விஷு வருடம் கார்த்திகை 28, அதாவது 1941 டிசம்பர் நடுவில். கூட்டிப் பார்த்தேன். 124 மாதம், 620 ரூபாய். முன்பணத்தோடு 650.

ஒத்தக் காசு அனுப்பாதவர் என்று எண்பது வருடமாகப் பேர் வாங்கின மனுஷர்!

அன்றைக்குச் சாயங்காலம் கைபேசியில் எடுத்த படங்களை ஐயாவுக்குக் காட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவருக்குக் கண் மங்கல். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "மாசம் அஞ்சு ரூபாயா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். பிறகு, "அப்ப எங்காத்தா எதுக்குடா களையெடுக்கப் போனா?" என்றார்.

அந்தக் கேள்விக்கான விடையும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் படிக்காமல் விட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது உண்மை. 'வீட்டுக்கு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒவ்வொரு மாதமும் 'தகப்பனார் வசம்' என்று இருக்கிறது. பணத்தை வாங்கினது பூட்டனின் அப்பா. பூட்டி இல்லை. பூட்டிக்கு அப்படிப் பணம் வந்ததே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

படித்தேன். ஐயா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சித்தப்பா பேருக்குத் தெக்குச் செய் வாங்குனது யுவ வருசமோ தாது வருசமோ" என்றார். 1935, 36. அவ்வளவுதான் சொன்னார். அந்தத் தெற்குச் செய்க்காகத்தான் எங்களுக்கும் பங்காளிகளுக்கும் இரண்டு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அப்பா சொல்கிறார், அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தில் யார் சம்பாதித்தாலும் பெரியவர் கையில்தான் கொடுப்பார்கள், அதில்தான் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றியிருப்பார்கள், கிழவரைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது என்று. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. பேரேடு யார் கையில் பணம் போனது என்றுதான் சொல்லும், அந்தக் கை அதை என்ன செய்தது என்று சொல்லாது. பர்மாக்காரி விஷயமும் அப்படித்தான், அதை எந்தக் கணக்கிலும் எழுத மாட்டார்கள். ஆனால் கஞ்சி ஊற்றினாலும் சரி, "உன் புருஷன் அனுப்பினது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

கார்த்திகை 28க்குப் பிறகு அந்தப் பக்கம் காலி. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் இரங்கூனில் குண்டு போட்டான். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அரக்கான் வழியாகவும், தமு தாண்டி மணிப்பூர் வழியாகவும் பெரும்பாலும் கால்நடையாகவே வந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் பல ஆயிரம். அந்த நடையை நடந்து வந்த வெ. சாமிநாத சர்மா அதை எழுதி வைத்தார், அதனால் அவர் பட்ட பாடு நமக்குத் தெரிகிறது. எங்கள் பூட்டன் எழுதுகிற ஆள் இல்லை. பக்கத்தின் அடியில் இருப்பு மட்டும் நிற்கிறது: ௷ 41 ரூபாய் 6 அணா. யாரும் வந்து வாங்காத பணம். இதை ஆச்சியிடம் சொன்னேன். "வட்டி போட்டுக் கேட்டுராதப்பா, வீட்டையே எழுதிக் குடுக்கணும்" என்று சிரித்தார். பிறகு அந்த ஐந்து பேரேட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். பைசா வாங்கவில்லை. மற்றதெல்லாம் மறுவாரம் எடைக்குப் போய்விட்டது.

ஐயா இந்த ஆடி அமாவாசைக்கு அவருடைய அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். இறந்த தேதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுக்கலாமாம். பங்காளி வீட்டுக்கும் சொல்லி அனுப்பலாமா என்று அவரே கேட்டார். அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் இப்போது அந்தப் பேரேடுகளில் மற்ற சம்பளக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்களவரைப் போலவே இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள்: ஒரு காவல்காரர், இரண்டு சமையல், மற்றவர்கள் எடுபிடி ஆட்கள். ஒருவருக்கு மாதம் நாலு ரூபாய், 'தாயார் வசம்'. ஊர் பெயர் தெளிவாக இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான். பரீட்சை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் விசாரிக்க வேண்டும்.